மூன்றாவது பெயர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரைப் போட்டு, சங்கத்தின் இணையதளத்தைத் திறந்தால் ரம்மி விளையாட வாருங்கள் என்று கூப்பிடுகிறது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ரம்மிதான். பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குக் கண்ணில் கோளாறு என்றால் ஊர் சிரிக்கும். கோளாறு என் கண்ணில் இல்லை.

அரியரத்தம் டாட் ஓஆர்ஜி. பதினோரு வருடத்து முகவரி. மதுரை முதல் நாகர்கோவில் வரை ரத்த வங்கிச் சுவர்களில் நானே நின்று ஒட்டிய நோட்டீஸில் இருப்பது இதுதான். எங்கள் ஆட்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டையிலும் இதுதான். எங்கள் ஆட்கள் என்றால் பாம்பே குரூப் ரத்தம் உள்ளவர்கள். பல ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பது. இவர்களுக்கு வேறு எந்த ரத்தமும் சேராது, ஓ குரூப்கூடச் சேராது. இவர்களுக்கு இவர்களேதான் கொடுக்க வேண்டும்.

என் மகள் அகிலாவுக்கு அந்த ரத்தம். பதினான்கு வயதில் குடல்வால் ஆபரேஷன் செய்யப் போனபோது தெரியவந்தது. அன்று ரத்தத்துக்கு நான் அலைந்த அலைச்சலில் பிறந்ததுதான் சங்கமும் தளமும். இப்போது அவள் ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். அக்டோபர் பன்னிரண்டு என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதால் இரண்டு யூனிட் ரத்தம் கையில் இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து ரம்மி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜெபக்கனியை வரச்சொன்னேன். சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே பத்திரம் எழுதுபவள். நாற்பத்தோரு வயது. அவளுக்கும் அதே ரத்தம். இதுவரை பதினேழு தடவை கொடுத்திருக்கிறாள். போன வாரம்தான் மதுரையில் ஒரு விபத்துக் கேசுக்குக் கொடுத்தாள். அதனால் நவம்பர் கடைசிவரை அவளிடம் எடுக்க முடியாது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஆள் அவள்தான்.

வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பேருக்குப் பட்டா யாரு பேருல இருக்கு?"

"பட்டாவா? இது என்ன புஞ்சை நிலமா?"

"நிலந்தான். பேர வாங்கிப் பதிஞ்சாச்சுன்னா நிலந்தான். தவணைக்குத் தவணை புதுப்பிக்கணும், இல்லன்னா அடுத்தவன் வேலி போட்டுருவான். இப்பப் போட்டுருக்கான் பாருங்க, ரம்மி வேலி. யாரு பதிஞ்சா?"

ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ரமணன் பதிந்து கொடுத்தான் என்றேன். அவன் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, கடையை மூடி வெளிநாடு போய் நாலு வருடம் ஆகிறது. எல்லாம் அவன் செய்த வேலை. புதுப்பிக்க வேண்டியதை ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.

அவள் தளத்தின் பதிவு விவரத்தைத் தேடி எடுத்தாள். ஜூலை பதினாறோடு தவணை முடிந்திருக்கிறது. "ஒரு மாசம் போல நமக்கே தருவாங்க. அதுக்குப் பெறவு அபராதம். அதுக்கும் பெறவு ஏலம். முந்துனவன் எடுத்துக்கிடுவான்." வில்லங்கச் சான்று வாசிப்பது மாதிரி வாசித்தாள். இதையெல்லாம் எப்போது படித்தாள் என்று கேட்டேன். வரும்போது பஸ்ஸில் என்றாள்.

தளம் வழியாக எழுதுவோர் ஒன்றரை வருடமாகவே குறைந்து, அடியோடு நின்றுவிட்டார்கள் என்றும் சொன்னேன். எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள். ஜனங்களுக்கு அக்கறை இல்லை.

அவள் ஒன்றரை வருடம் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

ரமணனுக்கு ஐந்து முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாங்கிக் கட்டியிருப்பான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பெயரைப் பதிந்துவைத்திருக்கும் கம்பெனிக்கு ஜெபக்கனி என் கடையிலிருந்தே பேசினாள். ஏழு தடவை நினைவூட்டல் அனுப்பியாயிற்று, பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு, என்கிறார்கள். எந்த மின்னஞ்சல் என்றால் சொல்லமாட்டார்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் முகவரியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிகிறது. நடுவில் எல்லாம் நட்சத்திரம்.

"பாத்தீயளா, ரமணன் தன் முகவரியைக் கொடுத்திருக்கான்" என்றேன். என் வாயில் அவள் பேச்சு வந்துவிட்டது.

"ரமணன் பேரு எஸ்ஸுல ஆரம்பிக்குமா?"

எஸ்ஸில் ஆரம்பித்து எம்மில் முடிந்தது. அவள் பேனாவின் மூடியால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "எட்டு நட்சத்திரம். முன்ன பின்ன ரெண்டு. பத்து எழுத்து. அண்ணாச்சி, உங்க பேருல இங்கிலீசுல எத்தன எழுத்து?"

"பன்னிரண்டு."

"எப்பவுமே பன்னெண்டா?"

கடைக்கு ஆள் வந்துவிட்டார். கண் பரிசோதனை செய்து, ஃப்ரேம் காட்டி, அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.

போன வருடம் தை மாதம் வண்ணார்பேட்டையில் எண் கணிதம் பார்ப்பவரிடம் போயிருந்தேன். சிவசைலம் என்ற பெயரின் கூட்டுத்தொகை சரியில்லை, நடுவில் ஒரு எச், ஒரு எல் சேர்த்தால் வீட்டில் ஆரோக்கியம் நிற்கும் என்றார். அகிலாவுக்காகத்தான் சேர்த்தேன். கடை போர்டை மாற்றினேன், விசிட்டிங் கார்டை மாற்றினேன், புதுப் பெயரில் புது மின்னஞ்சல் தொடங்கினேன். பழையதைத் திறக்கவே கூடாது, திறந்தால் பழைய எண் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் திறக்கவில்லை. நான் சொன்ன சொல் தவறாதவன்.

ஆகஸ்ட் 9, சனி

பழைய மின்னஞ்சலின் பாஸ்வேர்டு மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியில் இருந்தது. டைரி எழுதுகிறேன் என்று என் மனைவி செண்பகம் எத்தனை கேலி செய்திருப்பாள்! இன்று அவளே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

திறந்தது. படிக்காத மடல் இருநூற்றுப் பன்னிரண்டு. கம்பெனியின் நினைவூட்டல் ஏழு, ஒன்றுவிடாமல் இருந்தன. வீட்டுக்கு வந்திருந்த ஜெபக்கனி வேறு எதையும் தொடாமல் அந்த இணைப்பை அழுத்திப் புதுப்பித்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அகிலா உள்ளேயிருந்து "தளம் வந்துட்டுப்பா!" என்று கத்தினாள். நான் பிள்ளையார் கோவிலுக்குச் சூறைத்தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

பிறகுதான் மற்ற மடல்களைப் பார்த்தோம். தளத்தில் பதிபவர்கள் எழுதுவது எல்லாம் அந்தப் பழைய முகவரிக்குத்தான் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் ரத்தமும் ரதமும் ஒரே எழுத்து என்பதால், தேரோட்டம் என்றைக்கு என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தங்களுக்கும் எங்கள் ரத்தம்தான், கொடுக்கத் தயார் என்று சொல்லி எட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ஒன்றரை வருடத்தில் எட்டுப் பேர்! ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஒரே ஆளிடமிருந்து மூன்று மடல் இருந்தன. போன வருடம் ஆனி மாதத்தில் வந்தவை. படித்தேன்.

செண்பகம் அடை வார்த்திருந்தாள். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தளம் எப்படி நின்றது என்று அகிலா கேட்டாள். ரமணன் செய்த குளறுபடி என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நான் பார்த்ததை எழுதாவிட்டால் கை அரிக்கும்.

பெயரை இந்தக் கம்பெனியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது என்று ஜெபக்கனி முடிவுசெய்திருந்தாள். ஏழு தடவை ஒரே முகவரிக்கு எழுதி, பதில் வராதபோது வேறு வழியில் கேட்கத் தோன்றாத இடம் நமக்கு ஆகாது என்றாள். நான் நாலு கம்பெனியின் கட்டணத்தைத் தாளில் எழுதி ஒப்பிட்டு வைத்திருந்தேன். அவள் அந்தத் தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் மூன்று கேள்வி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நாலு இடத்துக்கும் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்றேன். "ரத்தம் ஞாயித்துக்கிழம பாத்தா போவுது, அண்ணாச்சி?"

முதல் இடத்தில் மெஷின் பேசியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பத்து நிமிடம் கேட்டு வைத்துவிட்டாள்.

இரண்டாவது இடத்தில் ஒரு பெண் தமிழில் பேசினாள். ஜெபக்கனி நேராக முதல் கேள்விக்குப் போனாள். "நான் செத்துப்போனா இந்தப் பேரு யாருக்குப் போவும்?"

"ஐயோ மேடம், அப்படியெல்லாம் சொல்லாதீங்க மேடம்!"

"சாவு மேடம்னு பாத்தா வருது? சொல்லும்மா."

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மேலதிகாரி நாளைக்குக் கூப்பிடுவார் என்றாள். மூன்றாவது இடத்தில் கேள்வியை முடிக்கவே விடவில்லை. இன்னும் பத்துப் பெயர் சேர்த்து வாங்கினால் சலுகையாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "ஒரு பேரக் காப்பாத்த வக்கில்லாதவ பத்துப் பேர வச்சு என்னய்யா செய்ய?" என்று கேட்டு வைத்தாள்.

நாலாவது இடத்தில் ஒரு அம்மாள், குரலைக் கேட்டால் ஐம்பது வயதிருக்கும், ஆங்கிலத்தில் பேசினார். கேள்வியை ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, இதை நிறையப் பேர் கேட்பதில்லை, செத்த பிறகு அவர்களுடைய பிள்ளைகள்தான் அழுதுகொண்டு கேட்பார்கள் என்றார். தனி ஆள் பெயரில் வைக்காதீர்கள், சங்கத்தின் பெயரில் வையுங்கள், சங்கப் பதிவுச் சான்றைக் கொடுங்கள் என்றார். தொடர்புக்கு மூன்று ஆள் போடலாம். நினைவூட்டல் மூன்று பேருக்கும் போகும், யாரும் பதில் சொல்லாவிட்டால் நாங்களே போனில் கூப்பிடுவோம். வேறு யாரும் பெயரை மாற்றிக்கொண்டு போகாதபடி பூட்டுப் போட்டுவைப்போம், அதற்கான ரகசிய எண் உங்களிடம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெபக்கனி மற்ற இரண்டு கேள்வியைக் கேட்கவே இல்லை.

"இதான் நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ்" என்று போனை வைத்தாள்.

நாலில் அதுதான் கட்டணம் கூடியது. என் தாளின் முன்பக்கத்தை நான் காட்டவில்லை. இருபத்தாறு வருடம் வியாபாரம் பார்த்தவன் நான். ஒரு பொருளை வாங்குமுன் இப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் தினமும் வாரிசுச் சண்டையைப் பார்க்கிறாள், அதனால் அவளுக்குத் தோன்றுகிறது என்று சொல்லலாம். அது மட்டும் இல்லை. அவளுக்கு மூளை இருக்கிறது. மூளை இருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அதை அடுத்தவனுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செலவழிக்கிறவர்கள் எத்தனை பேர்?

ஆகஸ்ட் 20, புதன்

மாற்றும் வேலை தொடங்கியது. பழைய கம்பெனியில் என் பெயரைப் புது எழுத்துப்படி திருத்திவிட்டு மாற்றலாமே என்றேன். ஆதார் அட்டையிலும் அப்படித்தானே மாற்றியிருக்கிறேன்.

"ஒரு எழுத்தத் தொட்டீயன்னா அறுவது நாளு பூட்டிருவான். படிச்சுப் பாத்தாச்சு. அறுவது நாளுன்னா பிரசவத் தேதி தாண்டிரும். உங்க எச்சும் எல்லும் எங்கயும் போயிராது, பெறவு பாத்துக்கிடலாம்."

தொடவில்லை.

புதுப் பதிவில் உரிமையாளர்: சங்கம். தொடர்பு ஒன்று, நான். இரண்டு, ஜெபக்கனி. மூன்றுக்கு மாப்பிள்ளையைப் போடலாம் என்றேன். கூடாது என்றுவிட்டாள். "மூணு பேரு, மூணு வீடு, மூணு ஊரு. ஒரே பஸ்சுல மூணு பேரும் ஏறாத ஆளுவளா இருக்கணும்." அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம். ரகசிய எண்ணைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து, தன் ஆபீஸ் பீரோவில் தாய்ப்பத்திரங்களோடு வைத்துவிட்டாள்.

தளத்தில் இருந்த போன் நம்பரையும் அவள்தான் கவனித்தாள். கடையின் பழைய தரைவழி நம்பர். அதைத் துண்டித்து இரண்டு வருடம் ஆகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு ஜெபக்கனியிடமிருந்து மின்னஞ்சல். ஒரே வார்த்தை: "இருக்கீயளா?"

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி தொடர்பில் உள்ள எல்லோருக்கும் இப்படி அனுப்புவாளாம். பதில் வராவிட்டால் நேரில் வருவாளாம். நான் சங்கத்தின் வளர்ச்சி பற்றி இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன். இருக்கேன்னு ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி என்று திருப்பி அனுப்பினாள்.

செப்டம்பர் 6, சனி

எட்டுப் பேருக்கும் போன் போட்டாயிற்று. தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும் என்று ஏழு தடவை சொன்னேன். இரண்டு பேர் ஊரில் இல்லை. மூன்று பேர் சோதித்துப் பார்த்ததில் சாதாரண ஓ குரூப். ஒருவருக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. இன்னொருவர் நம்பர் போகவில்லை. தஞ்சாவூரில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் இந்த மாதக் கடைசியில் வந்து கொடுக்கிறேன் என்றார். ஒரு யூனிட் ஆயிற்று. இன்னும் ஒன்று வேண்டும்.

அந்த மூன்று மடல் எழுதியவரிடம் நான் பேசவில்லை. ஜெபக்கனி பேசினாள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"நான் பேசிட்டேன். நீங்க கேக்காதீய."

செப்டம்பர் 27, சனி

தஞ்சாவூர்க்காரர் வந்தார், கொடுத்தார், ஒரு டப்பா நெய் பிஸ்கட்டும் தந்துவிட்டுப் போனார். இன்னும் ஒன்றுக்கு வழியில்லை. பழைய அட்டைக்காரர்கள் எல்லோரையும் கேட்டாயிற்று. அகிலா முகத்தைப் பார்க்கமுடியவில்லை. கடையில் ஒரு அம்மாளுக்கு இடக்கண் பவரை வலக்கண்ணில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

ரத்தம் கொடுக்க ஆள் வருகிறது, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று ஜெபக்கனி காலையில் போன் செய்தாள். யார் என்று சொல்லவில்லை.

குலசேகரத்துக்காரர். ரப்பர் தோட்டத்தில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டிலில் படுத்திருந்தார், கையில் ஊசி ஏறியிருந்தது. பக்கத்தில் இருந்த படிவத்தில் பெயரைப் பார்த்தேன். தாணுலிங்கம்.

அந்த மூன்று மடலின் கீழே இருந்த பெயர்.

ஆகஸ்டில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். முதல் மடல்: "எனது தங்கை பகவதிக்குப் பாம்பே குரூப். பிரசவத்தில் ரத்தம் போய்விட்டது. எனக்கும் அதே ரத்தம், நான் கொடுத்துவிட்டேன், போதவில்லை. உங்கள் போன் போகவில்லை. தயவுசெய்து பதில் தரவும்." அடுத்த நாள்: "ஐயா, பார்த்தீர்களா?" மூன்றாவது, அதற்கு மூன்று நாள் கழித்து: "இனி வேண்டாம். நன்றி."

நன்றி என்று எழுதியிருந்தார்.

அந்த மாதத்து டைரியை எடுத்துப் பார்த்திருந்தேன். கடை போர்டுக்குப் புது எழுத்து நன்றாக எடுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. "தம்பி, நான்தான் சிவசைலம். நீங்க எழுதினது எனக்குத்தான் வந்துது. நான் பார்க்கல. ரமணன்னு ஒருத்தன்…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "யாரும் காரணமில்ல. நான்தான். பேருல எழுத்தைக் கூட்டுனேன், பழைய முகவரியத் தொறக்காம விட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. ஜெபக்கனி அக்கா எல்லாம் சொல்லிட்டாவ. மொத நாள் போன வச்சிட்டேன். ரெண்டு வாரம் பேசல்ல. பெறவு நானாத்தான் கூப்பிட்டேன்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"எனக்க தங்கச்சிக்குக் கெடைக்கல்ல. அதுக்காவ உங்க மகளுக்கும் கெடைக்கப்பிடாதா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அழுதேன். நர்ஸ் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு மாலை போட்டிருக்கிறேன். பெரிய மனிதர் யார் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

நேற்றுக் காலை அகிலாவுக்கு ரத்தப்போக்கு. ஆபரேஷன். இரண்டு யூனிட்டும் ஏற்றினார்கள், இரண்டும். ஒன்று மட்டும் போதியிருக்காது என்றார் டாக்டரம்மா. பெண் குழந்தை. அகிலா கண் விழித்து, தண்ணீர் கேட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

அகிலாவிடம் சொன்னேன். ரமணன் இல்லை, நான்தான் என்று. நட்சத்திரம் எண்ணியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு நான் பேசணும்ப்பா" என்றாள். நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாள்.

குழந்தைக்குப் பெயர் வைக்க வண்ணார்பேட்டைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று செண்பகம் ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வையில் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 25, சனி

தாணுலிங்கம் போன் செய்தார். தளத்தில் மூன்றாவது ஆள் கட்டம் காலியாக இருக்கிறது என்று அக்கா சொன்னாவ, என்னப் போடுவீயளா என்று கேட்டார். உம் என்றேன்.

நவம்பர் 1, சனி

ஒன்பது மணிக்கு ஜெபக்கனியின் "இருக்கீயளா?" வந்தது, எனக்கும் தாணுலிங்கத்துக்கும். ஒன்பது ஒன்றுக்கு "இருக்கேன்" என்று போட்டேன். கீழே பெயரைப் பத்து எழுத்தில் போட்டேன்.

ஒன்பதரைக்குத் தாணுலிங்கத்திடமிருந்து பதில் இல்லை. பத்துக்கு இல்லை. ஒருவருக்கு ஃப்ரேம் வளைத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன், இல்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்தே முக்காலுக்கு இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எனக்கே ஒரு மடல் அனுப்பிப் பார்த்தேன். அது வந்தது. பதினொன்றுக்கு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கே இப்படி. அவர் நாலு நாள் இப்படித் திறந்து திறந்து பார்த்திருக்கிறார்.

பதினொன்றரைக்கு வந்தது.

"இருக்கேன் அண்ணாச்சி. தோட்டத்துல ரப்பர் பால் எடுத்துட்டு இப்பதான் வந்தேன். மடல் கிடைத்ததா?"

உடனே எழுதினேன்: "கிடைத்தது."